இன்றைக்கு எந்த றோட்டு

2007ஆம் ஆண்டு கொறற்றியைக் கண்ட தமிழர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “அக்கா, இண்டைக்கு எந்த றோட்டு?” தமிழ்க் கடையில் மரவள்ளிக் கிழங்கு தெரிந்தெடுத்துக்கொண்டிருப்பவளுக்குப் பின்னால் வந்து நின்று கேட்பார்கள். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீரோடு நிற்கும்போது கேட்பார்கள். பகிடியாகத்தான் கேட்பது. ஆனால் கேட்டுவிட்டு, அவளுடைய முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று ஒரு கணம் பார்ப்பார்கள்.

அவள் நகரசபையின் ஒழுங்குப் பிரிவில் வேலை செய்தாள். வேகமாக ஓடும் வாகனங்களைப் படம் பிடிக்கும் வான் வண்டியில் அவளுக்கு வேலை. ஜேர்மன்காரர் அதைப் பிளிட்சர் என்பார்கள். தமிழரும் அப்படியே சொன்னார்கள். பார்வைக்குச் சாதாரணமான சாம்பல் நிற வான். தெருவோரத்தில் மற்றக் கார்களோடு நிறுத்திவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பின்கண்ணாடிக்கு உள்ளே கருவி இருக்கும். முன்சீற்றில் இரண்டு பேர், அநேகமாக இரண்டு பெண்கள், பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றிக் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

கொறற்றி பேசாலையில் பிறந்தவள். எண்பத்தைந்தில், இருபது வயதில், கிழக்கு பேர்லினில் இறங்கி, ரயில் ஏறி மேற்குக்கு வந்தாள். ஹம் நகரத்திலிருந்து அரைமணி நேரத் தூரத்திலுள்ள இந்த ஊரில்தான் அகதி முகாம் கிடைத்தது, இங்கேயே இருந்துவிட்டாள். முதலில் நகரசபைக் கட்டடத்தில் துப்புரவு வேலை. படிக்கட்டுத் துடைத்துக்கொண்டே அலுவலகக்காரர் பேசும் ஜேர்மனைப் பிடித்துக்கொண்டாள். குடியுரிமை கிடைத்த பிறகு கார் தரிப்பிடம் பார்க்கிற வேலைக்கு விண்ணப்பித்தாள். சீருடை போட்டுக்கொண்டு தெருவில் நடந்த முதல் தமிழச்சி அந்த ஊரில் அவள்தான். நாலைந்து வருடம் நடந்து, முழங்கால் நோகத் தொடங்கியபோது, பயிற்சிக்கு அனுப்பி வானில் ஏற்றினார்கள்.

கணவன் ஜேசுரட்ணம் பாசல் பொதிகளை வீடு வீடாக விநியோகிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் வான் ஓடினான். குருநகர்க்காரன். வாய் அதிகம் இல்லாதவன். அவர்களுக்கு லவினியா என்று ஒரு மகள். அப்போது பத்தாம் வகுப்பில் படித்தாள். சண்டை சச்சரவு பெரிதாக இல்லாத வீடு என்றுதான் ஊரில் பெயர்.

முந்திய இலையுதிர் காலத்தில் ஒரு துருக்கிப் பையன் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் காரில் அடிபட்டான். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இடுப்பெலும்பு உடைந்து மாதக்கணக்காகப் படுத்திருந்தான். அவன் அடிபட்ட தெருவுக்குப் பிளிட்சர் வான் ஒருநாளும் போனதில்லை. அது வழக்கமாக நின்றது அகலமான இரண்டு மூன்று பெரிய றோட்டுகளில். அங்கே நின்றால் நிறையப் பேர் பிடிபடுவார்கள். உள்ளூர்ப் பத்திரிகை இதைப் பெரிதாக எழுதியது. நகரசபை காசுக்காகத்தான் நிற்கிறது, பிள்ளைகளுக்காக அல்ல என்று ஆட்கள் வாசகர் பக்கத்தில் திட்டினார்கள்.

அதனால் புதுத் திட்டம் ஒன்று போடவேண்டி வந்தது. பிரிவின் பொறுப்பாளர் லோமன், ஐம்பது வயதுக்காரர், எதையும் இரண்டு தரம் யோசித்துப் பேசுகிறவர். பொலிசிடமிருந்து விபத்து விபரங்களை எடுத்து, நகர வரைபடத்தைச் சுவரில் மாட்டி, பள்ளிக்கூடங்கள், கிண்டர்கார்டன்கள், முதியோர் இல்லங்கள் எல்லாவற்றையும் அதில் குறித்தார். பிறகு தை மாதக் கடைசியில் வானில் போகிறவர்களையும் கூப்பிட்டு, உங்களுக்குத் தெரிந்த ஆபத்தான தெருக்களைச் சொல்லுங்கள் என்று கேட்டார். கொறற்றி ம்யூலன்வேக்கைச் சொன்னாள். ஊரின் வடக்கே, ஒரு கிண்டர்கார்டனின் பின்வாசலோடு போகும் ஒடுக்கமான தெரு அது. லவினியா சின்னவளாக இருந்தபோது அங்கேதான் கூட்டிப்போய் விட்டவள். முப்பதுக்கு மேல் ஓடக்கூடாத தெருவில், பெரிய றோட்டின் சிவப்பு விளக்கைத் தவிர்ப்பதற்காகப் பாசல் வான்கள் குறுக்கே விழுந்து பறந்து போகும். லோமன் அங்கே ஒரு சிவப்பு ஊசி குத்தினார்.

மாசி மாதத்திலிருந்து புதுத் திட்டப்படி போனார்கள். கொறற்றியோடு வானில் போனவள் உல்றிக்க. அகலமான தோள், உரத்த சிரிப்பு, நாய் வளர்ப்பவள். இருவரும் நல்ல கூட்டு. முதல் வாரங்களில் ம்யூலன்வேக்கில் கருவி மின்னிக்கொண்டே இருந்தது. படச்சுருளை இன்னொரு பகுதியிடம் கொடுத்துவிடுவார்கள். அதைக் கழுவிப் பார்த்து, இலக்கத் தகட்டைப் படித்துக் கடிதம் அனுப்புவது அவர்கள். யார் பிடிபட்டார் என்பது வானில் இருப்பவர்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

அந்த வசந்தகாலத்தில் மூன்று தமிழர் அடுத்தடுத்துப் பிடிபட்டார்கள். ஒருவர் தமிழ்க் கடைக்குப் போகும் தெருவில், மற்ற இருவர் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கும் மண்டபத்துக்குப் பக்கத்தில். அந்த மண்டபத்துக்கு எதிரே முதியோர் இல்லம் ஒன்று இருந்தது. அதற்காகத்தான் அங்கே வான் நின்றது. ஆனால் அதை யார் கேட்டார்கள்? பிறந்த நாட்டில் திரும்பவும் சண்டை தொடங்கியிருந்த காலம். யார் யாரோடு கதைக்கிறார், யார் எங்கே போய் வருகிறார் என்று எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு, றீற்றா கொறற்றியைச் சுவரோரமாகக் கூட்டிப் போனாள். றீற்றாவின் புருசன் மரியரட்ணம் ஜேசுரட்ணத்தோடு அதே நிறுவனத்தில் பாசல் வான் ஓடுகிறவன். இரண்டு குடும்பமும் நெருக்கம்.

“சனம் ஒரு கதை கதைக்குது. எங்கட ஆக்கள் போற றோட்டாப் பாத்து நீதான் எழுதிக் குடுக்கிறியாம்.”

“ஆர் சொன்னது?”

“ஆர் சொன்னா என்ன? காட்டிக்குடுக்கிறவ எண்டு சொல்லுதுகள்.”

அந்தச் சொல்லுக்கு நாட்டில் உயிர்கள் போயிருக்கின்றன; எங்கள் ஆட்கள் அதைச் சும்மா சொல்வதில்லை. கொறற்றி, நான் என்னத்துக்கு அப்படிச் செய்யவேண்டும் என்று கேட்டாள். றீற்றா, எனக்கு உன்னைத் தெரியும், சனத்துக்குச் சொல்ல ஏலுமோ என்றாள். ஆனால் அவள் அதைச் சொன்ன விதம், தனக்கும் முழுதாகத் தெரியாது என்பதுபோல இருந்தது. அதற்குப் பிறகு மண்டபத்தில் கொறற்றி போய் நின்றால் கதையை மாற்றி வெயில், மழை பற்றிப் பேசுவார்கள்.

அலுவலகத்தில் வேறு விதமான பிரச்சினை கிளம்பியது. சித்திரை பிறந்து வெயில் வந்ததும், வான் போய் நிற்கும் தெருக்களில் வாகனங்கள் ஏற்கெனவே ஊர்ந்துகொண்டிருந்தன. வழமையாக, வான் வந்து நின்று கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான், கண்ட யாரோ உள்ளூர் வானொலிக்கு அறிவிப்பார்கள். பாட்டுக்கு நடுவே சொல்லுவார்கள். அது எல்லா ஊரிலும் நடப்பதுதான். இங்கேயோ வான் நிற்பதற்கு முந்தியே வானொலியில் சொல்லிவிட்டார்கள். அதுவும் கொறற்றியும் உல்றிக்கவும் போகும் வானுக்கு மட்டும்தான் இப்படி. இரண்டாவது வான் ஊரின் மறுகோடியிலுள்ள இன்னொரு வாகன வளவிலிருந்து புறப்படும். அதற்கு ஒரு குறையும் இல்லை.

எந்த நாளில் எந்தத் தெரு என்பதை லோமன் வெள்ளிக்கிழமைகளில் அடுத்த வாரத்துக்கென்று சொல்லிவிடுவார். தெரிந்தவர்கள் லோமன், இந்தப் பெண்கள் இருவர், மற்ற வானில் இருவர். உல்றிக்க சிரிப்பதைக் குறைத்துக்கொண்டாள். கொறற்றியின் கைத்தொலைபேசி சிணுங்கினால் திரும்பிப் பார்த்தாள். கொறற்றி அதை எடுத்து, எல்லாரும் காணும்படி ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்துவிட்டாள். அப்படி வைத்ததே தவறாகிப்போனது; முன்பு ஏன் பையில் வைத்திருந்தாய் என்று கேட்பதுபோல உல்றிக்க பார்த்தாள்.

லோமன் ஒருநாள் அவளை அறைக்குக் கூப்பிட்டு, வீட்டில் எல்லாரும் சுகமா என்று விசாரித்தார். இத்தனை வருடத்தில் அவர் அப்படிக் கேட்டதில்லை. உங்கள் கணவர் இன்னும் பாசல்தான் கொண்டுபோகிறாரா என்றார். ஓம் என்றாள். வேலை கரைச்சலா, நேரத்துக்கு ஓடிமுடிக்க வேண்டுமே என்றார். கொறற்றிக்கு இந்தக் கதை எங்கே போகிறதென்று விளங்கவில்லை. வெளியே வந்து நடக்கும்போதுதான் விளங்கியது. வீட்டில் நான் வாய் விடுகிறேன், கணவர் மற்றப் பாசல்காரருக்குச் சொல்லுகிறார் என்று லோமன் நினைக்கிறார்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனவள் கணவனைப் புதுக் கண்ணால் பார்த்தாள். பார்க்கத் தொடங்கினால் எல்லாமே தெரியும்.

ஆனி மாதத்தில் ஜேசுரட்ணம் மாறித்தான் இருந்தான். முன்பு காலையில் அவள் போய் வெகுநேரத்துக்குப் பிறகு வெளிக்கிடுகிறவன், இப்போது அவள் போய்க் கொஞ்ச நேரத்துக்குள் போய்விடுகிறான் என்று லவினியா சொன்னாள். தொலைபேசி வந்தால் கீழே, உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போய்ப் பேசினான். எல்லாவற்றையும்விட, கலியாணம் கட்டிய இத்தனை காலத்தில் அவளுடைய வேலையைப் பற்றி ஒரு சொல் கேட்காதவன், சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்: “நாளைக்கு உங்கட வான் எந்தப் பக்கம்?”

முதல் தரம் அவள் ஏதோ சொல்லி மழுப்பினாள். இரண்டாம் தரம் யோசிக்காமல், ஆஸ்பத்திரிப் பக்கமெண்டு நினைக்கிறன் என்றாள். மறுநாள் ஆஸ்பத்திரித் தெருவில் ஒரு வாகனமும் முப்பதைத் தாண்டவில்லை. சைக்கிளில் போன கிழவி ஒருத்தி கார்களை முந்திக்கொண்டு போனாள். உல்றிக்க கருவியை இன்னொரு தரம் சரிபார்த்தாள்.

மூன்றாம் தரம் அவன் கேட்டபோது அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். அடுத்த நாள் திட்டத்தில் இருந்தது ம்யூலன்வேக். அவள் சொன்னது, “திரும்பவும் ஆஸ்பத்திரித் தெருதான்.” இரண்டும் வடக்குப் பக்கத்தில் இருப்பவை, ஆனால் நடுவே நல்ல தூரம். பொய் சொல்லிவிட்டு அவனுடைய முகத்தைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டிவிட்டு மீன்முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். நிம்மதியானவன்போலத் தெரிந்தது. அந்த நிம்மதிதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தநாள் காலை ம்யூலன்வேக்கில் வானை நிறுத்திக் கருவியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். உல்றிக்க வானொலியைப் போட்டாள். பாட்டு முடிந்து அறிவிப்பாளர் உற்சாகமாகச் சொன்னார்: நகரத்தின் வடக்கே கவனம், ஆஸ்பத்திரித் தெருப் பக்கம் பிளிட்சர் நிற்கிறது.

உல்றிக்க முழுதாகத் திரும்பி, “இன்றைக்கு ஆஸ்பத்திரித் தெரு இல்லையே. ஏன் அதைச் சொல்கிறார்கள்?” என்றாள்.

ஆஸ்பத்திரித் தெரு என்று கொறற்றி சொன்னது உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான். கண்ணாடிக்கு வெளியே கிண்டர்கார்டன் வாசலில் ஒரு தாய் பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கொறற்றி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடமாக ஒரே பாயில் படுக்கிற மனிதன் தன்னுடைய வேலையில் மண் போடுகிறான். ஏன்? அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் ஒரு வெள்ளைப் பாசல் வான் திரும்பியது. வேகமாக வரவில்லை, அளவாகத்தான் வந்தது. ஓடியது மரியரட்ணம். பக்கத்துச் சீற்றில், மடியில் பாசல் ஒன்றை வைத்துக்கொண்டு, ஜன்னலில் முழங்கையை ஊன்றி இருந்தது ஜேசுரட்ணம். இந்நேரத்தில் அவன் தன்னுடைய வானோடு ஊரின் கிழக்கே நிற்கவேண்டும். சாம்பல் வானை அவர்கள் கவனிக்கவில்லை. ஜேசுரட்ணம் எதையோ சொல்ல, மரியரட்ணம் சிரித்தான். வான் கடந்து போனது.

கொறற்றி சீற்றில் சரிந்து தலையைக் குனிந்துகொண்டாள். ஒளிக்கவேண்டியது தானா, அவனா என்று அப்போது யோசிக்கவில்லை.

பின்னேரம் லவினியா கைப்பந்துப் பயிற்சிக்குப் போயிருந்தாள். ஜேசுரட்ணம் வந்து சப்பாத்தைக் கழற்றினான். கொறற்றி குசினியிலிருந்து எழும்பாமலே, இன்றைக்கு எந்தப் பக்கம் ஓடினீங்கள் என்று கேட்டாள். கிழக்கால்தான், வழமைபோல, என்றான்.

“வான் ஆர் ஓடினது?”

“நான்தான். வேற ஆர்?”

“ம்யூலன்வேக்கால போகேக்க மரியரட்ணம்தானே ஓடினவர். நீங்கள் பக்கத்தில இருந்தனீங்கள்.”

அவன் கையில் ஒரு சப்பாத்தோடு நின்றான். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, கதிரையில் வந்து இருந்தான். நீ ஆஸ்பத்திரித் தெருவில நிக்கிறனெண்டெல்லோ சொன்னனி என்றான், ஏமாந்துபோன குரலில். அதைக் கேட்டதும் கொறற்றிக்குக் கோபம் தலைக்கேறியது. வானொலியில் வந்ததைச் சொன்னாள். ஆஸ்பத்திரித் தெரு என்று உங்களுக்கு மட்டும்தான் சொன்னேன், அது காலையில் வானொலியில் வருகிறது என்றாள். அலுவலகத்தில் லோமன் பார்க்கிற பார்வையை, உல்றிக்க பேசாமல் இருப்பதை, பூசை மண்டபத்தில் காட்டிக்கொடுக்கிறவள் என்று பெயர் வாங்கியதை, எல்லாவற்றையும் கொட்டினாள். எத்தனை பேருக்குச் சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

“மரியரட்ணத்துக்கு மட்டும்தான் சொன்னனான். அதுவும் நீ நிக்கிற றோட்டால போகாதை எண்டதுக்கு. நீ என்னைக் காணக்கூடாது எண்டதுக்கு.”

“ஏன் காணக்கூடாது?”

ஜேசுரட்ணம் மேசையில் கிடந்த உப்புப் போத்தலை நேராக நிமிர்த்தி வைத்தான். “லைசனைப் பறிச்சுப்போட்டாங்கள். ஒரு மாதத்துக்கு. அந்த ம்யூலன்வேக்கில, மாசியில, உன்ர வான்தான் பிடிச்சது.”

முப்பதில் ஓடவேண்டிய தெருவில் அவன் அறுபத்தைந்தில் போயிருந்தான். அன்று ஏற்றிய பாசல்கள் அதிகம், நேரம் பிந்திவிட்டது, சிவப்பு விளக்கைச் சுற்றிப் போக நினைத்தான். வான் நிறுவனத்தின் பெயரில் இருந்ததால் கடிதமெல்லாம் முதலாளிக்குப் போனது. முதலாளி நல்ல மனிதன். ஆனியில் தடை தொடங்கியதும், அந்த ஒரு மாதத்துக்கு மரியரட்ணத்தோடு உதவியாளாகப் போகச் சொல்லிவிட்டான். காலையில் பஸ் நிறுத்தத்தில் நின்றால் மரியரட்ணம் ஏற்றிக்கொண்டு போவான். மாதம் முடிய இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அவளுக்குத் தெரியாமலே முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தான்.

கொறற்றி அன்று வானுக்குள் இருந்தபோது பின்னால் மின்னிய எத்தனையோ மின்னல்களில் ஒன்று அவன்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்றாள் கடைசியில்.

“உனக்குத் தெரியுமெண்டுதான் நினைச்சனான்.” அவன் இப்போது நிமிர்ந்து பார்த்தான். “அந்த றோட்டை நீதானே சொல்லிக் குடுத்தனி. றீற்றா சொன்னவ, நீயே அவவிட்டச் சொன்னியாம். தை மாதம் என்னைக் கொஞ்சக் காலத்துக்கு அந்தப் பக்கம் மாத்தினதும் உனக்குத் தெரியும். இவள் தெரிஞ்சுகொண்டும் சும்மா இருக்கிறாளோ, நான் சொல்லுறனோ எண்டு பாக்கிறாளோ எண்டு நாலு மாதமா நான் உன்ர முகத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

நாலு மாதமாக. அவள் அவனைக் கவனிக்கத் தொடங்கியது சில வாரங்களாகத்தான்.

அவள் அழவில்லை. எழும்பித் தேநீர் போட்டாள். இரண்டு கோப்பையையும் வைத்துவிட்டு, அப்ப வானொலிக்கு ஆர் சொன்னது என்று கேட்டாள். அவன் சொன்னான். அவன் காலையில் நிற்கிற பஸ் நிறுத்தம் நகரசபை வாகன வளவுக்கு எதிரே இருக்கிறது. நிறுத்தத்துக்குப் பின்னால் மூன்று மாடிக் கட்டடம். முதல் மாடிப் பல்கனியில் ஒரு கிழவர், காலை வெயிலில் கம்பளியால் காலைப் போர்த்துக்கொண்டு இருப்பார். சாம்பல் வான் வளவுக் கதவைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் வடக்கு, வலப்பக்கம் திரும்பினால் தெற்கு. திரும்பியதும் கிழவர் மடியிலிருக்கும் தொலைபேசியை எடுப்பார். வான் போகும்வரை கீழே நிறுத்தக் கூரைக்குள் ஒதுங்கி நிற்கிறவனுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும். “இண்டைக்குக் காலமையும் கேட்டனான். வான் இடப்பக்கம் போயிட்டுது, ஆஸ்பத்திரிப் பக்கமாத்தான் இருக்கும் எண்டு சொன்னவர்.”

“இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“அங்க என்னத்துக்கு நிண்டனீங்கள் எண்டு நீ கேப்பாயெல்லோ.”

அன்று இரவு அவள் நித்திரை கொண்டாளோ தெரியாது. காலையில் அலுவலகத்துக்குப் போனதும் நேரே லோமனின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கணவனைப் பற்றியும், பஸ் நிறுத்தத்தைப் பற்றியும், கிழவரைப் பற்றியும், பொய்த் தெருவைச் சொல்லித் தான் சோதித்ததையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். லோமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உங்கள் கணவரின் விஷயம் எனக்குப் பங்குனி மாதமே தெரியும். அந்தக் கோப்பு என் மேசையால்தான் போனது. அதை உங்களிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை.”

அவர் என்ன நினைத்திருந்தார் என்பதை அவர் சொல்லாமலே அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கணவன் பிடிபட்டது பங்குனியில் தெரிகிறது. சித்திரையில் தகவல் கசியத் தொடங்குகிறது. அவளுடைய வானிலிருந்து மட்டும்.

“அப்படியென்றால் ஏன் என்னை வானில் வைத்திருந்தீர்கள்?” என்று கேட்டாள்.

“நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.”

மன்னிப்புப் போன்ற ஏதோ ஒன்றை அவர் அதற்குப் பிறகு சொன்னார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. அலுவலகத்தில் தன்னை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். வீட்டில் தான் அதையே செய்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் லோமன் தானே போய் அந்தப் பஸ் நிறுத்தத்தில் பத்திரிகையை விரித்துக்கொண்டு நின்றார். ஜேசுரட்ணம் சொன்னபடியே நடந்தது. வான் வலப்பக்கம் திரும்பியது, மேலே கிழவரின் குரல் கேட்டது. லோமன் படியேறிப் போய் மணியடித்தார். பிறகு கொறற்றியையும் உல்றிக்கவையும் கூட்டிக்கொண்டு இன்னொரு தரம் போனார்.

கிழவரின் பெயர் டீக்மன். மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். மூச்சு இரைக்கப் பேசினார். மூன்று பேரையும் இருத்தி, பிஸ்கற் வைத்தார். யாரும் வீட்டுக்கு வருவதே அவருக்குப் பெரிய விஷயம்போல இருந்தது. குளிர்காலத்தில் பல்கனியில் இருக்க ஏலாது, அதனால் சித்திரையில்தான் தொடங்கினேன் என்றார். ஒருநாள் சும்மா சொல்லிப் பார்த்தாராம். வானொலியில் அந்த இளம் அறிவிப்பாளர் அவருக்கு நன்றி சொன்னாராம். அதற்குப் பிறகு விடவில்லை.

“நான் என்ன குற்றம் செய்தேன்? நான் சொன்ன பிறகு எல்லாரும் மெதுவாகத்தானே போகிறார்கள்? அது பிடிக்கவில்லை என்றால், உங்களுக்கு என்னதான் வேண்டும்?”

கொறற்றி கேட்டாள், வான் நிற்காத தெருவில் என்ன செய்வார்கள் என்று. அடிபட்ட துருக்கிப் பையனைப் பற்றிச் சொன்னாள். கிழவர் அதைப் பத்திரிகையில் படித்திருந்தார். பல்கனிப் பக்கம் திரும்பி, அது வேறு விஷயம் என்று மட்டும் சொன்னார். அவரைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை. அவர்களும் தடுக்கவில்லை.

அதன் பிறகு திட்டத்தை மாற்றினார்கள். வாரத்தில் சில தெருக்களின் பெயரை நகரசபையே பத்திரிகையில் அறிவித்தது. பள்ளிக்கூடம், கிண்டர்கார்டன் என்று ஆட்கள் மெதுவாகப் போகவேண்டிய இடங்கள் அவை. மற்றத் தெருக்களை அறிவிக்கவில்லை. காலையில் வானில் ஏறிய பிறகுதான் லோமன் தொலைபேசியில் சொல்வார். வான்கள் தினமும் அதே வளவிலிருந்து புறப்படுவதும் நின்றது. ம்யூலன்வேக்கில் இப்போது பாசல் வான்கள் அடக்கமாகப் போயின. டீக்மனின் செய்திக்கு மதிப்பு இல்லாமல் போனது. உல்றிக்க தனியாக அவரிடம் இரண்டொரு தரம் போய்க் கேக் கொடுத்துவிட்டு வந்தாள் என்று பின்னர் தெரிந்தது. கொறற்றியோடு திரும்பவும் சிரித்துப் பேசத் தொடங்கினாள். ஆனால் கொறற்றி கைத்தொலைபேசியை எல்லாரும் காணும் இடத்திலேயே தொடர்ந்து வைத்திருந்தாள். உல்றிக்க, இனி அது தேவையில்லை என்று ஒருநாள் சொன்னாள். பரவாயில்லை, பழகிவிட்டது என்றாள் கொறற்றி.

ஜேசுரட்ணத்துக்கு லைசன் திரும்பிக் கிடைத்தது. நடந்ததை மரியரட்ணம் றீற்றாவிடம் சொல்லியிருக்க வேண்டும்; ஆவணி மாதத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கெவலார் மாதா கோவிலுக்குத் தமிழர் எல்லாரும் யாத்திரை போகிற நாளில் கொறற்றி அதைக் கண்டாள். ஜேர்மனியின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்த சனம் மாதாவைச் சுற்றி நெருக்கியடித்து நின்றது. அவளுடைய ஊர்த் தமிழர் கண்டதும் வழிவிட்டார்கள். “தன்ர மனுசனையே பிடிச்சவ,” என்று ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்வது கேட்டது. எங்கள் ஆட்களை மட்டும் தேடிப் பிடிக்கிறாள் என்ற கதை அன்றோடு செத்தது. அதற்குப் பதிலாக வந்த மரியாதையில் பயமும் கலந்திருந்தது. “இண்டைக்கு எந்த றோட்டு” என்று அவளிடம் பிறகு யாரும் கேட்கவில்லை, பகிடிக்கும். றீற்றா வந்து கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொறற்றி கையை இழுக்கவில்லை.

பின்னேரம் திரும்பும்போது ஜேசுரட்ணம் கார் ஓடினான். லவினியா பின்சீற்றில் காதுக்குள் பாட்டை மாட்டிக்கொண்டு நித்திரையாகிவிட்டாள். மற்றக் கார்கள் அவர்களை முந்திக்கொண்டு போயின. அவன் ஒன்றையும் துரத்தவில்லை. றைன் நதிப் பாலத்தைக் கடந்த பிறகு, றோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

“கோபத்தில கேக்கேல்லை. அந்த றோட்டைச் சொல்லேக்க உனக்கு என்ர ஞாபகம் வந்ததோ?”

அவள் சுவரில் மாட்டிய வரைபடத்தையும், லோமன் கையில் பிடித்திருந்த சிவப்பு ஊசியையும் நினைத்துப் பார்த்தாள்.

“வந்தது. நீங்கள் மெதுவாத்தான் ஓடுவீங்கள் எண்டு நினைச்சனான்.”

ஜேசுரட்ணம் ஒருதரம் திரும்பி அவளுடைய முகத்தைப் பார்த்தான். உண்மையைத்தான் சொல்கிறாளா என்று பார்க்கிற பார்வை அது. பிறகு முன்னால் போகும் லொறியைப் பார்த்து ஓடத் தொடங்கினான்.